கடைசி வாரம் பாடம் இருக்காதாமே? நம் பள்ளிப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போகும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

பருவம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாசலில் என்னைப் பார்க்கிற பலரும் இப்போது கேட்பது ஒரே கேள்விதான்: "பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இனிமே பாடம் ஒண்ணும் இருக்காதுல்ல, அனுப்பணுமா?" அனுப்ப வேண்டும். ஏன் என்று வாசலில் நின்றபடி ரெண்டு நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை, பின்னால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைமையாசிரியர் கடிதம் என்றால் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பருவச் செய்திகள். ஒன்றாம் வகுப்பில், பருவம் தொடங்கும்போது எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது எழுத்துக் கூட்டி முழு வாக்கியம் படிக்கிறார்கள். அதில் ஒருத்தி, நடைவழியில் மாட்டியிருக்கும் 'மெதுவாக நடக்கவும்' பலகையை வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டுத் தான் மட்டும் ஓடுகிறாள். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து சுவர்ப் பத்திரிகை நடத்தினார்கள், அதில் ஆசிரியர்களைப் பற்றி வந்த சில செய்திகள் உண்மைக்குப் புறம்பானவை என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன். ஐந்தாம் வகுப்பு அடுத்த ஆண்டு பெரிய பள்ளிக்குப் போகிறது, அவர்களுக்கான வழியனுப்பு கடைசி நாள் மதியம்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவம் முழுக்க மழை அளந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாகத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகிப் புனல் ஆக்கி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, திறந்த வெளியில் வைத்து, தினம் காலையில் முறை வைத்து ஒருவர் போய்ப் பார்த்துக் குறிக்க வேண்டும். பருவக் கடைசியில் அதைப் பட்டை வரைபடமாகப் போட உட்கார்ந்தபோதுதான் சில நாட்களுக்கு எண்ணே இல்லை என்று தெரிந்தது. முறைக்காரப் பிள்ளை அன்றைக்கு லீவு, மற்றவர்களுக்கும் நினைவில்லை. அந்த இடத்தில் சுழியம் போடலாமா, வெற்றாக விடலாமா என்று பெரிய விவாதம். ஒரு பையன் எழுந்து, "பெய்யாத நாளும் அளக்காத நாளும் ஒண்ணு இல்ல டீச்சர்" என்றான். வெற்றாகவே விட்டிருக்கிறார்கள். வரைபடம் நுழைவாயில் சுவரில் இருக்கிறது, வந்தால் பாருங்கள்.

சரி, கடைசி வாரத்துக்கு வருகிறேன். புதுப் பாடம் நடக்காது என்பது உண்மை. ஆனால் பருவம் முழுக்கச் செய்ய நேரம் கிடைக்காத ஒரு வேலை இந்த வாரத்தில்தான் நடக்கிறது: வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பிள்ளை அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். எங்கே தடுமாறுகிறது, எந்த எழுத்தை எதோடு குழப்பிக்கொள்கிறது, படித்து முடித்த பிறகு என்ன கதை என்று கேட்டால் சொல்ல வருகிறதா என்றெல்லாம் குறித்துக்கொண்டு, அதை வைத்துத்தான் அடுத்த பருவத்தின் வாசிப்புக் குழுக்களைப் பிரிக்கிறோம். அந்த வாரம் வராத பிள்ளையைப் பழைய குறிப்பை வைத்து ஏதோ ஒரு குழுவில் போடுகிறோம், அது சரியில்லை என்று தெரியவே அடுத்த பருவத்தில் சில வாரங்கள் ஓடிவிடும். திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, ஏன் தப்பு என்று பிள்ளையிடமே கேட்பதும் இந்த வாரத்தில்தான். மதிப்பெண் போட்ட தாளை நீங்கள் வீட்டில் பார்ப்பீர்கள், சரி, ஆனால் அந்தப் பேச்சு அந்தத் தாளில் இருக்காது. அப்புறம் நாடகம் வேறு இருக்கிறது. மொத்தம் அறுபது சொச்சம் பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் மாற்று நடிகருக்கு நான் எங்கே போவது?

பள்ளி சின்னது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்பு தனி, மற்றதெல்லாம் ஓர் அறைக்கு இரண்டு வகுப்பு. நான்காம் வகுப்புக்குப் பாடம் நடக்கிறபோது ஐந்தாம் வகுப்பு தானாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கும், பிறகு மாறும். இந்த ஏற்பாடு ஓடுவதே, எல்லாப் பிள்ளைக்கும் நேற்று நடந்தது தெரியும் என்ற நம்பிக்கையில்தான். மூன்று நாள் வராத பிள்ளை திரும்பி வந்தால் அதற்குத் தனியாக உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும், அந்த நேரம் பக்கத்து வகுப்பின் நேரத்திலிருந்துதான் வரும், வேறெங்கிருந்தும் வராது. பெரிய பள்ளியில் இது கண்ணுக்குத் தெரியாது. இங்கே தெரிகிறது, வந்த பிள்ளைக்கும் தெரிகிறது.

ஒரு நாள் போனால் என்ன போகும் என்று கேட்பவர்களுக்காக ஒரே ஓர் உதாரணம். மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பது. முதல் நாள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கிப் பார்க்கிறார்கள். இரண்டாம் நாள் அதையே எண்ணாக எழுதுகிறார்கள். மூன்றாம் நாள் நடுவில் சுழியம் வருகிறது, 302 இலிருந்து 147. இரண்டாம் நாள் வராத பிள்ளை மூன்றாம் நாள் வந்து இந்தக் கணக்கைச் சும்மா விடாது, தனக்குத் தெரிந்த வழியில் போட்டுவிடும்: 2 இல் 7 போகாது, அதனால் 7 இல் 2 போனால் 5, 0 இல் 4 போகாது, 4 இல் 0 போனால் 4, 3 இல் 1 போனால் 2. விடை 245. சரியான விடை 155. பிள்ளை கவனமாகத்தான் போட்டிருக்கிறது, ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது, அதற்கு ஒரு நியாயம் கூட இருக்கிறது. அதனால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு முறை ஒட்டிக்கொண்டால் அதைப் பிரித்தெடுப்பது புதிதாகச் சொல்லித்தருவதைவிடக் கஷ்டம், எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். நீங்கள் மாலையில் நோட்டு வாங்கி எழுதவைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும், நன்றி. ஆனால் நோட்டில் 155 என்ற விடைதான் இருக்கும், குச்சிக்கட்டை அவிழ்த்ததை எண்ணாக மாற்றிப் பார்த்த அந்த நேரம் நோட்டில் ஏறாது.

நாட்கணக்கையும் பார்த்துவிடலாம். தொடக்கப் பள்ளி ஆண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாட்கள் என்கிறது, இங்கிலாந்தில் சுமார் 190, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 180. எப்படிப் பார்த்தாலும் ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி நாள் பள்ளியே கிடையாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராத பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டிய பிள்ளையாகக் கணக்கெடுக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு என்றால் கேட்க ஏதோ பெரிதாக இருக்கிறது, கணக்குப் போட்டால் மாதத்துக்கு இரண்டு நாள்தான். ஒரு திங்கள், ஒரு வெள்ளி. நம் பதிவேட்டிலும் காலி இடங்கள் கூடுதலாக இருப்பது வாரத்தின் அந்த இரண்டு முனைகளில்தான், காய்ச்சல் கிழமை பார்த்து வராது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தாமதமாக வருவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தினம் 15 நிமிடம் என்றால் 200 நாளில் 3000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரப் பாடம் என்று வைத்தால் பத்துப் பள்ளி நாள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. எல்லாரும் உட்கார்ந்து ஆரம்பித்த பிறகு கதவைத் திறந்துகொண்டு, இருபது தலைகள் திரும்பிப் பார்க்க உள்ளே நடந்துபோகிற அந்த ஆறு வயசுப் பிள்ளையின் முகம். பிள்ளை எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது என்று சொல்கிறீர்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016 இல் சொன்னது. காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதரைக்காவது தூங்கியிருக்க வேண்டும், அதுவே கடைசி எல்லை. காலையில் நடக்கிற சண்டையை முந்தின ராத்திரி போனை வாங்கி வைப்பதில் முடித்துவிடலாம் என்பது என் அனுபவம், உங்கள் வீட்டில் எப்படியோ.

இனி உடம்பு சரியில்லாத நாட்கள். இதில் நான் உங்களை விரட்டப்போவதில்லை. காய்ச்சல் இருந்தால் அனுப்பவே வேண்டாம், மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்று இரண்டு நாள். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை. தட்டம்மை என்றால் தடிப்பு தெரிந்ததிலிருந்து நான்கு நாளாவது. சந்தேகம் இருந்தால் டாக்டர் சொல்கிறபடி. காய்ச்சல் இல்லாத லேசான சளிக்கு லீவு வேண்டாம், கைக்குட்டை போதும். தலையில் பேன் என்று கண்டுபிடித்து வாரக்கணக்கில் வீட்டில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே சொல்கிறது, எங்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். கென்யாவின் பூசியா பகுதியில் 1998 இல் தொடங்கி 75 தொடக்கப் பள்ளிகளில் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில், மருந்து கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது என்று 2004 இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கைப் பற்றிப் பின்னால் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது, அதற்குள் போகவில்லை. வயிற்றில் புழுவோடு இருக்கிற பிள்ளையால் பாடத்தில் உட்கார முடியாது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது, காலையில் வந்து பத்து மணிக்குப் போய்விடும் வயிற்றுவலி. ஞாயிறு சாயங்காலம் தொடங்குகிறது, திங்கள் காலை உச்சத்தில் இருக்கிறது, லீவு என்று சொன்னதும் குறைகிறது. பிள்ளை நடிக்கிறது என்று உடனே முடிவுகட்டாதீர்கள், பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். என்ன பயம் என்று கண்டுபிடிக்கத்தான் நாம் இரண்டு பேரும் சேர வேண்டும். சத்தமாகப் படிக்கச் சொல்வார்களே என்ற பயமாக இருக்கலாம், கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதித் திட்டு வாங்கியதாக இருக்கலாம் (கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டதும் காணாமல் போன வயிற்றுவலி எனக்குத் தெரியும்), கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்பதாகக் கூட இருக்கலாம், இல்லை யாராவது பட்டப்பெயர் வைத்து அழைக்கிறார்களாக இருக்கலாம். லீவு போட்டால் அந்த ஒரு நாள் தப்பிக்கும், மறுநாள் அதே பயத்தோடு விட்டுப்போன பாடமும் சேர்ந்து நிற்கும். எங்களிடம் சொல்லுங்கள். தாழ்ப்பாள் என்றால் தாழ்ப்பாளை மாற்றிவிடலாம்.

இப்போது உங்களில் சிலருக்குப் பிடிக்காத செய்தி. இந்தப் பருவ நிறைவு நிகழ்ச்சியில் முழு வருகைச் சான்றிதழ் கிடையாது. ஆசிரியர்கள் மூவரும் பேசி எடுத்த முடிவு இது. ஒரு நாள் கூட விடாமல் அனுப்பிய வீடுகள் இருக்கின்றன, அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, உங்களுக்கு நேரில் நன்றி சொல்கிறேன். ஆனால் யோசித்துப்பாருங்கள், ஆறு வயசுப் பிள்ளை பள்ளிக்கு வருவது பிள்ளையின் கையிலா இருக்கிறது? அம்மாவுக்கு இரவு வேலை, அப்பா வெளியூர், தம்பிக்குக் காய்ச்சல், வண்டி வரவில்லை, இதில் எதற்கும் பிள்ளை பொறுப்பில்லை. ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் ஐந்து வருஷத்திலும் கிடைக்காது, எவ்வளவு ஆசையாக வந்தாலும். இன்னொரு பக்கம், சான்றிதழ் போய்விடும் என்று காய்ச்சலோடு வந்து மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கிற பிள்ளையும் உண்டு, அது பக்கத்தில் நாலு பேருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு மாதம் முழுக்க வந்ததற்காகப் பின்னால் விருது கொடுத்தபோது, வாங்கிய மாணவர்களின் வருகை அடுத்த மாதம் குறைந்தது. மற்றவர்களைவிட நாம் அதிகமாகவே வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அவர்கள் ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கிற பெரிய பிள்ளைகள்தான், அப்படியே நமக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் மேடையேற்றினால் வருகை கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, அதன் 28 ஆவது பிரிவில், ஒழுங்கான பள்ளி வருகையை ஊக்குவிக்க நடவடிக்கை எடுக்கும் பொறுப்பை அரசுகளிடம்தான் கொடுத்திருக்கிறது. அங்கிருந்து பள்ளிக்கு வருகிறது, பள்ளியிலிருந்து உங்களுக்கு. பிள்ளையின் தலையில் அதை வைக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்யப்போகிறோம். தேர்ச்சி அறிக்கையோடு ஒரு சின்னச் சீட்டு வரும், அதில் உங்கள் பிள்ளை இந்தப் பருவத்தில் எத்தனை நாள் வரவில்லை, எத்தனை நாள் தாமதம் என்ற இரண்டு எண் மட்டும் இருக்கும். திட்டு இருக்காது, வகுப்பு சராசரி இருக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடும் இருக்காது. ஃபிலடெல்ஃபியா நகரில் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து டாட் ராஜர்ஸ், அவி ஃபெல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2018 இல் வெளிவந்தது. பெற்றோர்கள் தங்கள் பிள்ளை வராத நாட்களைக் குறைத்தே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உண்மையான எண்ணைத் தபாலில் அனுப்பினாலே அதிகமாக லீவு போடும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறது, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சொன்னதில் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது. எங்களுக்கு ஒரு தாளும் கொஞ்சம் மையும்தான் செலவு. எண் தவறு என்று தோன்றினால் வந்து சொல்லுங்கள், பதிவேட்டைத் திறந்து உங்கள் முன்னாலேயே பார்ப்போம்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். வர முடியாத நாளில் பள்ளி தொடங்கி அரைமணிக்குள் ஒரு போனோ செய்தியோ போதும், பெரிய லீவு லெட்டர் வேண்டாம். தகவல் இல்லையென்றால் நாங்களே கூப்பிடுவோம், வேவு பார்ப்பதாக நினைக்காதீர்கள், வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை எங்கே என்று தெரியாமல் எங்களால் இருக்க முடியாது. பல் டாக்டரைப் பள்ளி முடிந்த பிறகு பார்க்க முடியுமா என்று ஒரு முறை கேட்டுப்பாருங்கள், முடியாவிட்டால் அரை நாளாவது அனுப்புங்கள். பள்ளிக்கு வருவதே சிரமமாக இருக்கும் வீட்டு நிலைமை என்றால், அது பணமோ போக்குவரத்தோ வேறெதுவோ, கதவை மூடிக்கொண்டு என்னிடம் பேசலாம், சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகாது.

விடுமுறைக்கு முன்னாலேயே ஊருக்குக் கிளம்புவதைப் பற்றி. கூட்டம் தொடங்குவதற்கு முன் போனால் டிக்கெட் மலிவு, எனக்கும் தெரியும். தவிர்க்க முடியாத கல்யாணம், துக்கம் என்றால் போய்த்தான் ஆக வேண்டும், சொல்லிவிட்டுப் போங்கள். ஆனால் தயவுசெய்து லீவு லெட்டரில் 'கடும் காய்ச்சல்' என்று எழுதாதீர்கள். பிள்ளை திரும்பி வந்த முதல் நாளே ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து மாமா வீட்டு நாய்க்குட்டி வரை வகுப்பு முழுக்கச் சொல்லிவிடும், வகுப்பாசிரியர் கையில் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார், ரெண்டு பேருக்கும் சங்கடம். பிள்ளையையும் அந்தப் பொய்யில் கூட்டுச் சேர்க்கிறோம், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசி நாள் வழக்கமான நேரத்துக்கே பள்ளி தொடங்கும். நாடகம் காலையில், முன்வரிசை பிள்ளைகளுக்கு, நின்றுகொண்டு வீடியோ எடுப்பவர்கள் பின்னால் போய் எடுக்கவும். அடுத்த பருவம் தொடங்கும் தேதி பிள்ளைகளின் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கிறது. வாசிப்புக் குழுக்கள் அன்றைக்கே தொடங்குகின்றன, இரண்டாம் நாளிலிருந்து அனுப்பலாம் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன், நான் சொல்லவில்லை. யாருடையது என்று தெரியாத தண்ணீர் பாட்டில்களும் ஒற்றைக் காலுறைகளும் அலுவலகத்தில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகங்கள் பல இன்னும் திரும்பவில்லை. கட்டிலுக்கு அடியில், சோபா இடுக்கில் பாருங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்கிறோம், கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் தலைமையாசிரியர்